எழுபது வளைவு ஏறி வந்த பீட்சா

நாமக்கல்
3-6-2025, செவ்வாய்

அண்ணிக்கு,

சுகுணா எழுதறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே மடிச்சு அடுப்புல போட்டுடாதீங்க. இதோட ஒரு பெட்டியும் வருது. கடுதாசியைப் படிக்காட்டியும் அதைப் பிரிச்சுப் பாருங்க.

சனிக்கிழமை அண்ணன் பலாப்பழ லோடோட கீழ வந்தப்ப நேரா எங்க ஆபீசுக்கு வந்தார். கோழிப்பண்ணை ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டு, ஏதோ திருட்டுச் சாமான் விசாரிக்கிறவராட்டம் மெதுவா, "சுகுணா, இந்த பீசா எங்க கெடைக்கும்?"னு கேட்டார். அண்ணன் வாயில அந்த வார்த்தை வரும்னு நான் நினைச்சதே இல்லை. யாருக்குன்னு கேட்டேன். தலையைச் சொறிஞ்சார். அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. உங்களுக்கு நாலாம் மாசம். களி வாசமே ஆகலையாம், சோறு இறங்கலையாம், மூணு வாரமா பீட்சா பீட்சான்னு கேக்கறீங்களாம்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு வந்த சேதி. ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியுது. பரவாயில்லை. ஆபீஸ்ல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துட்டேன்.

ஒரு வருஷமா போன் பண்றேன். உங்க ஊர்ல சிக்னல் கிடைக்கணும்னா பாறை மேல ஏறணும், தெரியும். நான் பொறந்து வளர்ந்த ஊர்தானே. ஆனா அண்ணன் ஏறி நின்னு பேசறப்பக்கூட நீங்க வாங்கிப் பேசறதில்லை. அதான் கடுதாசி.

பீட்சா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கிற பெரிய கம்பெனிக் கடையில வாங்கினது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பேரு, ஒரே பெட்டி, ஒரே ருசி. கொல்லிமலைக்கு டெலிவரி உண்டான்னு கேட்டேன். "எத்தனை கிலோமீட்டர் மேடம்?"னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. எழுபது கொண்டை ஊசி வளைவுன்னேன். அது மேனேஜரைக் கூப்பிட்டுடுச்சு.

அதனால சின்னுசாமி அண்ணன் லாரியில குடுத்து விடறேன். செவ்வாயும் சனியும் லோடு இறக்கிட்டு மேல திரும்பறவர்தானே. மூணு துண்டுத் துணியால சுத்தி, கைக்குழந்தையாட்டம் கொண்டு போங்கன்னு சொல்லியிருக்கேன்.

சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

சுகுணா


எடப்புளி நாடு
6-6-2025

சுகுணாவுக்கு,

பெட்டி வந்து சேந்துச்சு. உள்ள இருந்தது வந்து சேரலை.

சின்னுசாமியண்ணன் முப்பதாவது வளைவு வரைக்கும் சீட்டு மேல படுக்க வெச்சுத்தான் கொண்டாந்தாராம். அங்க ரெண்டு பேரு சேவக்கோழியோட ஏறிட்டாங்களாம். எடம் பத்தாம பெட்டியைச் செங்குத்தா நிறுத்திட்டாராம். மிச்ச நாப்பது வளைவுல மேல இருந்ததெல்லாம் கீழ இறங்கி ஒரு மூலையில குமிஞ்சு போச்சு. மழையில நனைஞ்ச கம்பளியைச் சுருட்டி வெச்சாப்ல இருந்துச்சு. நீ சொன்னாப்ல தோசைக்கல்லுல போட்டுச் சூடு பண்ணேன். செருப்பு வாராட்டம் ஆயிருச்சு. மாமா ஒரு துண்டை வாயில போட்டுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. பேச முடியலை. அப்பறம், "ஏஞ்சாமி, இதை மெல்லறதா, முழுங்கறதா?"ன்னாரு. உங்கப்பா அப்படிக் கேட்டு நான் பாத்ததே இல்லை.

ஒண்ணு சொல்லிக்கறேன். பீசா வேணும்னு உங்கண்ணன்கிட்டதான் கேட்டேன். உன்கிட்டக் கேக்கலை.

போன வைகாசியில உன் புது ஊட்டுக்குப் பால் காச்சறப்ப எல்லாரும் வந்தமே, மறந்திருக்க மாட்டே. மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. சாயங்காலம் உன் ஊட்டுக்காரரு கார்த்தி சொந்தமெல்லாம் இருக்கறப்ப பீசா வரவெச்சே. எனக்கும் ஒரு துண்டு குடுத்தே. நான் பாதி தின்னுட்டு, "தொட்டுக்க என்ன இருக்குது?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். நீ கூடத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் கேக்கறாப்ல, "எங்க அண்ணி மலையில இருந்து வந்தவங்க, பீட்சாவுக்குச் சட்னி கேக்கறாங்க பாருங்க"ன்னு சொல்லிச் சிரிச்சே. உன் நாத்தனா ராதிகா போன்ல படம் வேற புடிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். அப்பறம் தட்டை வெச்சுட்டுக் கை கழுவப் போயி, குழாயைத் தொறந்து உட்டுட்டு அழுதேன். உனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுக்க.

இதுல கொடுமை என்னன்னா, அந்தத் துண்டு நல்லா இருந்துச்சு. இப்ப வயித்துல இருக்கறது அதையேதான் கேக்குது. எனக்கு மானம் இருக்குது, அதுக்கு இல்லை போல.

பெட்டியில கோழிக்குஞ்சு உட்டு வெச்சிருக்கேன். நல்லாத் தூங்குதுங்க.

அம்சவேணி


நாமக்கல்
7-6-2025

அண்ணி,

உங்க கடுதாசியை ஆபீஸ் மாடிப்படியில உக்கார்ந்து படிச்சேன். அப்பா பேச முடியாம இருந்த இடத்துல சத்தமா சிரிச்சுட்டேன். குழாய்கிட்ட வந்ததும் மடிச்சுப் பையில வெச்சுட்டேன். சாயங்காலம்தான் மிச்சத்தைப் படிச்சேன்.

பஸ்சுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டீங்கன்னுதான் அன்னைக்கு நினைச்சேன். இல்லை, அப்படி நினைச்சா எனக்குச் சௌகரியமா இருந்துச்சு.

ஆனா நானும் ஒண்ணு கேக்கறேன். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் இல்லீங்களா? நீங்க திட்டி நான் பார்த்ததில்லையா என்ன? மாட்டுக்குத் தண்ணி காட்டலைன்னு என் சடையைப் பிடிச்சு இழுத்தவங்கதானே. வாயைத் திறக்காமயே ஒரு வருஷம் இருந்துட்டீங்க. பொங்கலுக்கு நான் வந்தப்ப உங்க அம்மா ஊட்டுக்குக் குண்டனி நாடு போயிட்டீங்க. தாழ்வாரத்துல தொங்கின உங்க சேலையைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தேன்.

சரி, வயித்துல இருக்கறவங்களைக் காக்க வெக்கக் கூடாது. மேல சோளக்காடு ஊர்ல நம்ம செல்வம் புதுசா பேக்கரி போட்டிருக்கானாம், பீட்சாவும் போடறானாம். மாசச் செக்கப்புக்கு எப்படியும் சோளக்காடு போவீங்க. அங்கயே சூடா வாங்கிச் சாப்பிட்டுடுங்க. லாரி இல்லை, வளைவு இல்லை, சேவல் இல்லை.

எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. எனக்காக வேண்டாம், தெரிஞ்சுக்கலாம்னுதான்.

சுகுணா


எடப்புளி நாடு
13-6-2025

சுகுணாவுக்கு,

நேத்து செக்கப்புக்குப் போனேன். ரோஸ்லின் சிஸ்டர் ரத்தம் கம்மியா இருக்குதுன்னு ஒரு பாட்டம் திட்டுனாங்க. கீரை, ராகி, பேரீச்சம்பழம்னு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. அதை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு நேரா செல்வம் கடைக்குப் போனேன்.

செல்வம் எந்திரிச்சு நின்னு, "வாங்கக்கா, பீசாவுங்களா? காரமா வேணுமா, ஸ்வீட்டா வேணுமா?"ன்னான்.

பீசால ஏதுடா ஸ்வீட்டுன்னேன். "மலையில எல்லாரும் ஸ்வீட்டுத்தானுங்கக்கா கேக்கறாங்க"ன்னான். காரம்தான் வேணும்னு சொல்லிட்டேன். கால் மணி நேரங்கழிச்சுக் கொண்டாந்து வெச்சான். அடியில பெரிய பன்னு, வட்டமா அறுத்தது. மேல தக்காளி சாஸு, அதுக்கு மேல முட்டைக்கோசு, அதுக்கு மேல துருவின சீஸு. எல்லாத்துக்கும் நட்ட நடுவுல, கேக்கு மேல வெப்பாங்களே, அந்தச் சிவப்புச் செர்ரி.

"இது எதுக்கு?"ன்னேன்.

"அழகுக்குங்கக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கப் பாத்தேன், முடியலை. வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். செல்வம் பயந்து போயி எதுத்தாப்ல இருந்த ஆசுபத்திரிக்கு ஓடி சிஸ்டரைக் கூட்டியாந்துட்டான். அவங்க மூச்சு வாங்க வந்து நின்னு என்னைப் பாத்தாங்க, பீசாவைப் பாத்தாங்க, செர்ரியை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, "இனி பயமில்லை"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனாங்க.

ரெண்டு துண்டு தின்னேன். சூடா இருந்துச்சு. குத்தஞ்சொல்ல மாட்டேன், அவன் மனசு வெச்சுத்தான் பண்ணியிருந்தான். ரொம்ப நாளைக்கப்பறம் தின்னது வயித்துல நின்னுச்சு. ஆனா அந்த ருசி இல்லை.

ஊட்டுக்கு வந்து உங்கண்ணன்கிட்டச் சொன்னேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "செர்ரி நல்லதுதானே"ன்னாரு. இந்த மனுசன்கிட்ட இதைச் சொல்லி என்ன பிரயோசனம்? அதான் உனக்கு எழுதறேன். இதுக்காக ராசியாயிட்டம்னு நெனச்சுக்காத.

அம்சவேணி


நாமக்கல்
14-6-2025

அன்புள்ள அண்ணி,

செர்ரியைப் படிச்சு நானும் கார்த்தியும் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தாங்க.

இனி எழுதப் போறதைக் கார்த்திக்குக்கூட நான் சொன்னதில்லை.

எனக்குக் கல்யாணமான புதுசுல ராதிகா பிறந்த நாளுக்கு எல்லாருமா அந்தக் கம்பெனிக் கடைக்குப் போனோம். அதுக்கு முன்னாடி பீட்சாவை நான் டிவியிலதான் பார்த்திருந்தேன். சீஸ் இழுபட்டுக்கிட்டே வந்துச்சு. வேகலை போலிருக்குன்னு நினைச்சு, பால் ஆடையை எடுக்கறாப்ல மேல இருந்ததை மொத்தமா உரிச்சுத் தட்டு ஓரத்துல வெச்சேன். சின்னச் சின்னதா பொடிப் பொட்டலம் குடுத்திருந்தாங்க. சாப்பிட்டதும் வாயில போட்டுக்கற பாக்குத்தூள்னு நினைச்சு ஒண்ணைப் பிரிச்சு அப்படியே வாயில கொட்டிக்கிட்டேன். அது மேல தூவிக்கற மிளகாய்த்தூளாம். இருமி இருமிக் கண்ணுல தண்ணி. மேஜை முழுக்கச் சிரிப்பு. அன்னையில இருந்து ஒரு வருஷம் ராதிகா என்னை "மலையேறி"ன்னுதான் கூப்பிட்டா. விளையாட்டுக்குத்தான். நானும் விளையாட்டு மாதிரியே சிரிச்சுக்கிட்டேன். நீங்க சிரிச்சுட்டுக் குழாய்கிட்டப் போன மாதிரி.

புது வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்னைக்கு நீங்க தொட்டுக்க என்னன்னு கேட்டீங்க. ராதிகா முதல்ல உங்களைப் பார்க்கலை அண்ணி, என்னைத்தான் பார்த்தா. திரும்பவும் ஆரம்பிச்சுடுவாளோன்னு பக்குன்னு ஆயிடுச்சு. அவங்க என்னைப் பார்த்துச் சிரிக்கறதுக்கு முன்னாடி நான் உங்களைப் பார்த்துச் சிரிச்சுட்டேன். நான் இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம்னு கோடு போட்டுக் காட்டிட்டேன். பொறந்த ஊரையே ஒரு துண்டு ரொட்டிக்காக வித்துட்டேன்.

தப்பு என்னோடது. மன்னிச்சுடுங்கன்னு எழுத ஒரு வருஷம் ஆகியிருக்கக் கூடாது.

இனி கடைப் பேச்சே வேண்டாம். நீங்களே வீட்டுல பண்ணிடுங்க. இதோட வர்ற, ஐஸ் போட்ட டப்பாவுல சீஸ் இருக்கு. மைதா இருக்கு. சின்ன பாக்கெட் ரெண்டு ஈஸ்ட், மாவு பொங்கறதுக்கு. ஒரு பாக்கெட்டுதான் போடணும். வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, மாவைப் பிசைஞ்சு, காது மடல் மாதிரி மெதுவா ஆனதும் மூடி வைங்க. ரெண்டு மடங்கு ஆகும். அப்புறம் தட்டி, தக்காளித் தொக்கு தடவி, நம்ம தோட்டத்து அன்னாசி, மிளகு, மேல சீஸ். அவ்வளவுதான்.

உங்க சுகுணா


எடப்புளி நாடு
17-6-2025

சுகுணா கண்ணு,

நீ எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன். பாக்குத்தூள்னு வாயில கொட்டிக்கிட்ட எடத்துல சிரிக்கலாமா வேண்டாமான்னு தெரியலை. கடைசியில சிரிச்சுட்டேன், கோவிச்சுக்காத. ஆனா மலையேறின்னு கூப்புட்டாங்கறதைப் படிச்சதும் கடுதாசியைக் கீழ வெச்சுட்டேன். ஏன் கண்ணு, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கு ரெண்டு பேருமாச் சேந்து சட்னி கேட்டிருக்கலாமே.

இப்பப் பீசா கதையைக் கேளு.

நேத்துக் காலையில இருந்து மலை பூரா மஞ்சு, ஒரே குளிரு. நீ சொன்னாப்ல ஒரு பாக்கெட்டுத்தான் போட்டேன். சிஸ்டர் ரத்தம் கம்மின்னாங்களேன்னு பாதிக்கு ராகி மாவு கலந்துக்கிட்டேன். மூடி வெச்சேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், பாறையாட்டம் அப்படியே கெடந்துச்சு. செத்துப் போச்சுன்னு நெனச்சு ரெண்டாவது பாக்கெட்டையும் கொட்டிப் பிசைஞ்சேன். கம்பளியைச் சுத்தி அடுப்புக்குப் பக்கத்துல வெச்சுட்டுத் துணி காயப் போடப் போனேன்.

திரும்பி வந்து பாத்தா மூடி கீழ கெடக்குது. மாவு குண்டாவை விட்டு எறங்கி, அடுப்புத் திட்டைத் தாண்டி, கம்பளிக்குள்ளயும் பூந்துருச்சு. மாமா வாசப்படியில நின்னுக்கிட்டு, "சாமி, இதுக்கு உசுரு இருக்குதாட்டம், பாத்துத் தொடு"ங்கறாரு. உங்கண்ணன் மம்மட்டி எடுத்துட்டு வரட்டுமான்னு கேக்கறாரு.

மிஞ்சுனதைத் தட்டிக் கல்லுல போட்டேன். அடி கருகிருச்சு, மேல வேகலை. சீஸு மட்டும் உருகி அடுப்புக்குள்ள ஊத்துச்சு. ஊடு பூரா வாசம். அந்த வாசத்துக்கே வயிறு கெடந்து துடிக்குது.

கடுதாசில படிச்செல்லாம் இதைப் பண்ண முடியாது. பக்கத்துல நின்னு கையைப் புடிச்சுக் காட்டணும்.

வாரயா?

அண்ணி


நாமக்கல்
17-6-2025, செவ்வாய் மத்தியானம்

அண்ணி,

சின்னுசாமி அண்ணன் லோடு இறக்கிக்கிட்டு இருக்கார். அவர் கிளம்பறதுக்குள்ள எழுதறேன்.

வாரேன். சனிக்கிழமை இதே லாரியில, முன் சீட்டுல. சேவக்கோழி வந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன். சீஸ் என் மடியில இருக்கும். மாவு நான் வந்துதான் பிசைவேன், நீங்க ஈஸ்ட் பக்கமே போகக் கூடாது. அண்ணனை ஆத்து மணல் ஒரு கூடை அள்ளிக் காய வெக்கச் சொல்லுங்க.

சுகுணா


எடப்புளி நாடு
24-6-2025

சுகுணா கண்ணு,

நல்லபடியா ஊடு போய்ச் சேந்தயா? நீ பஸ் ஏறினதுல இருந்து எனக்கு ஒரே வெக்கமா இருக்குது.

எழுபது வளைவும் மடியில வெச்சுக் கொண்டாந்தே. மாவு பிசைஞ்சே, குண்டாவுல மணலைக் கொட்டிச் சூடு பண்ணித் தட்டை எறக்கினே, மூடி மேல தணலை அள்ளிப் போட்டே. மூடியைத் தொறந்தப்ப அது இருந்த அழகு இருக்குதே! ஓரமெல்லாம் பொன்னாட்டம் செவந்து, அன்னாசி பளபளன்னு, மொளகு வாசம். நீ முதல் துண்டைத் தட்டுல வெச்சு, தொட்டுக்கத் தக்காளிச் சட்னியும் வெச்சு என் முன்னாடி நீட்டறே. நான் என்னடான்னா வாயைப் பொத்திக்கிட்டுக் கொல்லைக்கு ஓடறேன்!

சத்தியமா வேணும்னு செய்யலை கண்ணு. வெள்ளிக்கெழமை வரைக்கும் அதுக்காக உசுரு போச்சு. சனிக்கெழமை அந்தச் சீஸு வாசம் மூக்குல பட்டதும் கொடலைப் புரட்டிருச்சு. நீ அழுதுருவேன்னு பயந்துக்கிட்டேதான் கொல்லையில இருந்து வந்தேன். நீ என்னடான்னா தரையில உக்காந்து உருண்டு உருண்டு சிரிக்கறே. அப்பறம் நான் வாசல்ல உக்காந்து கொய்யாக்காயை மொளகுப்பொடியில தொட்டுத் தொட்டுத் தின்னதும், உள்ள நீயும் உங்கண்ணனும் மாமாவுமா மொத்தத்தையும் தின்னு தீத்ததும்! மாமா நேத்தும், "அந்தப் புள்ளை மறுக்கா எப்ப வருது?"ன்னு கேக்கறாரு. மகளைத்தான் தேடறாருன்னு நெனச்சேன். "வரப்ப அந்தச் சீஸைக் கொண்டாரச் சொல்லு"ங்கறாரு.

இன்னொண்ணு சொல்லணும். நேத்து ரோஸ்லின் சிஸ்டர் ஊருக்குள்ள வந்தாங்க. நமக்கு நாள் கார்த்திகையில வருது. அப்ப மழையில பாதையில கல்லு உருளும், வண்டி நின்னு போகும். ரத்தம் வேற கம்மி. அதனால ஒம்பதாம் மாசம் பொறந்ததும் கீழ எறங்கி, பெரிய ஆசுபத்திரிக்குப் பக்கத்துல யாரு ஊட்டுலயாவது இருக்கணும்னு கண்டிசனாச் சொல்லிட்டாங்க. "கீழ யாரு இருக்கறாங்க?"ன்னு கேட்டாங்க.

உங்கண்ணன், தெரிஞ்சவங்ககிட்ட ரூம் கேக்கலாம்னு ஆரம்பிச்சாரு. நான் அவரை முடிக்க உடலை. என் நாத்தனா ஊடு இருக்குதுங்க சிஸ்டர், அங்கதான் இருப்பேன்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காமயே சொல்லிட்டேன். உன் ஊட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லையே?

அங்க ராதிகா வந்து போவான்னு தெரியும். வரட்டும். என் பக்கத்துலயே உக்கார வை. நான் அவளுக்குக் களி கிண்டிப் போடறேன். எப்படித் திங்கறான்னு பாப்பம். நான் சிரிக்க மாட்டேன், நீயும் சிரிக்கக் கூடாது. பாவம், அவளுக்கும் யாராவது கத்துத் தரணுமில்ல.

அண்ணி


நாமக்கல்
28-6-2025

அண்ணி,

கடுதாசி கைக்கு வந்தப்ப கார்த்தியும் பக்கத்துல இருந்தார். "ஒண்ணும் இல்லையே"ன்னு நீங்க கேட்டதைப் படிச்சுக் காட்டினேன். நேரா அளக்கற டேப்பை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிட்டார். லாரிக்குப் பாடி கட்டறவர்கிட்டக் கேள்வி கேட்டா அப்படித்தான், முதல்ல நீளம் அகலம் பார்ப்பார்.

ஒம்பதாம் மாசம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? புரட்டாசி பொறந்ததும் வந்துடுங்க. ராகி மாவு மட்டும் கொண்டாங்க, இங்க கிடைக்கறது நல்லா இல்லை. களி நீங்க கிண்டுங்க, நான் ராதிகாவுக்குப் பக்கத்துல இன்னொரு தட்டு போட்டு உக்கார்ந்துக்கறேன்.

ஒரு விஷயம். போகட்டுமா வேண்டாமான்னு நடுவுல மனசு மாறிடாதீங்க. சாயங்காலம் கார்த்தி போய்க் கட்டில் வாங்கிட்டு வந்துட்டார். ஒரு பக்கம் உங்களுக்கு, இன்னொரு பக்கம் தொட்டில் கட்ட இரும்புக் கம்பி, அவரே வெல்டு வெச்சுட்டார். அதைக் கழட்டவும் முடியாது, கடையில திருப்பி எடுத்துக்கவும் மாட்டாங்க.

உங்க சுகுணா